பயப்படாதீங்க, வந்துட்டே இருக்கேன்

"தம்பி, பயப்படாதீங்க. மெதுவா மூச்சை உள்ள இழுங்க. ம்... இப்ப விடுங்க."

இந்த ஆறுதலைச் சொன்னவர், மேல்மாடிக்குச் சற்றுக் கீழே நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா. ஆறுதல் சொல்லப்பட்டவர், அவரைக் காப்பாற்ற வந்த மெக்கானிக்.

மெக்கானிக் மேல்மாடியில் லிஃப்ட் கதவில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி, கருவிப் பையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை அவருடைய தொப்பையின் மேல் ஏறி ஏறி இறங்கியது.

"அம்மா... நான்... லிஃப்ட்... ஹ்... மெக்..."

"தெரியுது தம்பி. பேசாதீங்க. தண்ணி வெச்சிருக்கீங்களா? வீட்டுல யாருக்காவது சொல்லணுமா?"

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படியேறத் தெரியாதா என்று கேட்கலாம். யோசித்துப் பார்த்தால் அவருக்குத்தான் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. லிஃப்ட் ஓடினால் அவர் அதில் போய்விடுவார். அவர் நல்ல மெக்கானிக் என்பதால் லிஃப்ட் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். படியேற வேண்டிய ஒரே சந்தர்ப்பம் லிஃப்ட் நின்றுபோன சந்தர்ப்பம். அப்போதுதான் ஒருவர் உள்ளே தவித்துக்கொண்டிருப்பார். தன் தொழில் திறமையே தன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டதாக மெக்கானிக் எண்ணி ஆறுதல் அடைந்தார். தொப்பை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

கொஞ்சம் மூச்சு திரும்பியதும் மொட்டைமாடி இரும்பு ஏணியைப் பிடித்து மெஷின் அறைக்குள் போனார்.

லிஃப்டின் பிரேக் நம்முடைய வண்டி பிரேக் மாதிரி அல்ல. வண்டியில் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். லிஃப்டில் பிரேக் எப்போதும் பிடித்தபடியேதான் இருக்கும். மின்சாரம் வந்து அதை விலக்கினால்தான் பெட்டி நகரும். மின்சாரம் போனால் அது தானாகவே கவ்விக்கொள்ளும். அதனால்தான் நின்றுபோன லிஃப்ட் விழுவதில்லை. மெக்கானிக் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கை லீவரால் பிரேக்கை இம்மி இம்மியாகத் தளர்த்தினார். பெட்டியின் கயிற்றுக்கு மறுமுனையில் தொங்கும் எதிர் எடை, ஒற்றை டீச்சரம்மாவைவிடக் கனமானது. ஆகவே அது இறங்க, பெட்டி தானாக ஏறியது. கயிற்றில் அடித்திருந்த மஞ்சள் பெயின்ட் கோடு சரியான இடத்துக்கு வந்ததும் லீவரை விட்டார். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அந்தக் கணத்துக்காகத்தான் மெக்கானிக் இந்த வேலையில் இருந்தார். கிரீஸ் வாசனைக்கு நடுவில், ஒரு மனுஷியின் கனம் தன் கைக்குள் மெல்ல அசைவதை உணரும் கணம்.

அவர் ஏணியில் பாதி இறங்கி, உட்கார்ந்து, மீதி இறங்கி வருவதற்குள் டீச்சரம்மா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். அவர் முகத்தை இவரும் பார்க்கவில்லை, இவர் முகத்தை அவரும் பார்க்கவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேனேஜருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் பேசினாலும் முதல் பாதியைக் கேட்டதும் மறுபாதியைத் தானே சொல்லி முடித்துவிடுவார். நேரம் மிச்சமாகிறது என்பது அவர் கணக்கு.

"அந்த டீச்சரம்மா போன் பண்ணாங்கய்யா. 'உங்க மெக்கானிக் என்னமா மூச்சு வாங்குறாரு தெரியுமா, எனக்கு'ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்குப் புரியாதா? 'பயமா போச்சு, அவ்வளவுதானே மேடம், நடவடிக்கை எடுத்துடறோம்'னு நானே முடிச்சு வெச்சுட்டேன்."

"சார், அவங்க என்ன சொல்ல வந்தாங்கன்னு..."

"...பொறுமையா கேட்டிருக்கலாம்னு சொல்ற. கேட்டாச்சு, கேட்டாச்சு. நீ கேளு. லிஃப்டுக்குள்ள ஒரு போன் இருக்குல்ல? இனிமே கீழ்ப்படியில கால் வெக்கும்போதே பேச ஆரம்பிக்கணும். மேல்படி வர்ற வரைக்கும் விடாம, நிதானமா பேசணும். மூச்சு சத்தமே கேக்கக் கூடாது. மாட்டிக்கிட்டவங்களுக்கு அப்பத்தான் தைரியம் வரும்."

"சார், பேசிக்கிட்டே ஏறுறதுன்னா..."

"...கஷ்டம்தான். அடுத்த தடவை அந்த பில்டிங்ல நின்னா நானும் கூட வர்றேன். அந்த அம்மா வாயால 'இவர் நல்ல மனுஷன்'னு வரணும். வரலன்னா உனக்கு ஸ்டோர்தான்."

ஸ்டோர் என்பது ஆபீசின் தரைக்குக் கீழே இருந்தது. நட்டு, போல்ட், பல்பு, கயிறு எல்லாம் அலமாரிகளில் தூங்கும் இடம். அங்கே எதுவும் ஏறாது, எதுவும் இறங்காது. மெக்கானிக்குக்கு அதை நினைத்ததுமே மூச்சு வாங்கியது.

மறுநாள் விடிந்ததும் பூங்காவில் ஓடினார். 'ஓடினார்' என்பது அவராகச் சொல்லிக்கொண்டது. ஓடப் போகிறோம் என்ற தகவல் உடம்பு முழுக்கப் போய்ச் சேர்வதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது. பெஞ்சில் சரிந்தபடியே, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்த மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாமா, நாய் துரத்துச்சா?"

"இல்ல மாப்ள. நானாத்தான் ஓடினேன்."

"நாய் துரத்தின மாதிரி ஓடினீங்களான்னு கேட்டேன். புதுசா ஓடறவங்க எல்லாரும் பண்ற தப்பு அது. பேசிக்கிட்டே ஓடுங்க. ஒரு முழு வாக்கியம் தடங்கல் இல்லாம வந்தா அதுதான் உங்க வேகம். வார்த்தை உடைஞ்சா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். ஒரு விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடுங்க, அடுத்த கம்பம் வரைக்கும் நடங்க."

"நடந்தா ஓடினதெல்லாம் வேஸ்ட் இல்லையா?"

"உங்க லிஃப்ட் மாடிக்கு மாடி நின்னு போகுதே, வேஸ்ட்டா போகுது?"

இந்த உதாரணம் மெக்கானிக்கின் மனதுக்குள் நேராகப் போய் உட்கார்ந்தது. மச்சினன் சொன்னது சரியான விஷயமும்கூட. பேசும் அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தால், தசைக்கு வேண்டிய காற்றை இரத்தம் சரியாகக் கொண்டு சேர்க்கிறது என்று அர்த்தம். அப்படி மெதுவாக, பல நாள் ஓடினால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக இரத்தத்தை அனுப்பக் கற்றுக்கொள்கிறது. தசைக்குள் புதிதாக மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. இவையெல்லாம் செடி வளர்வது போல் நடப்பவை. செடியின் தலையைப் பிடித்து இழுத்தால் செடி வளராது, கையோடு வந்துவிடும். முதல் நாள் மெக்கானிக் அதைத்தான் செய்திருந்தார்.

பேசிக்கொண்டே ஓடுவது என்று முடிவாயிற்று. எதைப் பேசுவது? மேனேஜர் கேட்டதும் பேச்சு, மச்சினன் கேட்டதும் பேச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மகிழ்ந்து, லிஃப்டில் மாட்டிக்கொண்டவருக்குச் சொல்ல வேண்டிய ஆறுதலையே பேசிக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

அவருக்கு முன்னால் மஞ்சள் சட்டை போட்ட பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கின் கண் அடுத்த விளக்குக் கம்பத்தின் மேல் மட்டுமே இருந்தது.

"பயப்படாதீங்க... வந்துட்டே இருக்கேன்..."

பெண் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் வேகம் கூட்டினாள்.

"அவசரப்படாதீங்க... நீங்களா வெளிய வர முயற்சி பண்ணாதீங்க..."

அவள் இன்னும் வேகம் கூட்டினாள்.

"உங்களால இப்ப எங்கயும் போக முடியாது... நான் வர்ற வரைக்கும்... அப்படியே அசையாம இருங்க..."

மஞ்சள் சட்டை பூங்காவின் வாசலைத் தாண்டிப் புள்ளியாகி மறைந்தது. அன்று அவள் ஓடிய வேகத்தில் அவளே அதற்கு முன்பு ஓடியதில்லை. மெக்கானிக் கம்பத்தைத் தொட்டுவிட்டு, ஒரு வாக்கியம்கூட உடையவில்லை என்ற பெருமையோடு நடக்க ஆரம்பித்தபோது வாட்ச்மேன் விசிலோடு எதிரே வந்தார்.

"ஏம்ப்பா, ஓடறதுன்னா ஓடு. அந்தப் பொண்ணை எதுக்கு மிரட்டற?"

"மிரட்டலீங்க. ஆறுதல் சொன்னேன்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க."

"யாருக்குமே இல்லாம எதுக்கு ஆறுதல்?"

"அவங்க இனிமேதான் மாட்டுவாங்க."

வாட்ச்மேன் அவரை வாசல் வரை நடத்திக் கொண்டுவந்து விட்ட பிறகுதான், இந்தப் பதிலை இன்னும் நல்ல விதமாகச் சொல்லியிருக்கலாம் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

தப்பு எங்கே என்று ஆராய்ந்தார். தனியாகப் பேசுகிறவனைப் பார்த்தால்தானே பயம்? போனில் பேசுகிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை. மறுநாள் காதில் ஒயர் மாட்டிக்கொண்டார். ஒயரின் மறுமுனை வெறுமனே கால்சட்டைப் பைக்குள் கிடந்தது. கூடவே, மாட்டிக்கொண்டவர் ஒரு பெண் என்று தெளிவாகக் கற்பனை செய்துகொண்டு, குரலில் கனிவையும் கூட்டினார். பூங்காவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார்.

கீழ்வீட்டு அம்மா அதே பூங்காவில் நடப்பவர் என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்: "யாரு அது?"

"எது?"

"உள்ள மாட்டிக்கிட்டு வெளிய வர முடியாம தவிக்கிறாளே, அவ. 'நான் இருக்கேன்லம்மா, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்க, உன்ன எப்படியாவது வெளிய கூட்டிட்டு வந்துடறேன்'னு உருகினீங்களாமே. கீழ்வீட்டுல சொன்னாங்க."

"அது லிஃப்ட்..."

"விடியக்காலையில லிஃப்ட் பாக்கப் போறேன்னுதான் தினமும் சொல்லிட்டுப் போறீங்க. லிஃப்ட் பாக்க எதுக்கு கேன்வாஸ் ஷூ? திரும்பி வரும்போது எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது?"

மெக்கானிக்குக்கு வேறு வழியில்லை. கேலி செய்வாள் என்று இத்தனை நாள் மறைத்ததை உடைத்துவிட்டார். "ஓடறேன்."

"எவளோட?"

"ஐயோ, தனியா. பூங்காவுல. சும்மா ஓடறேன்."

மனைவி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். நடுவில் தொப்பையிடம் வந்தபோது பார்வை சற்று நின்றது.

"இங்க பாருங்க. துரோகம் பண்றேன்னு சொல்லுங்க, நம்பறேன். ஓடறேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"சத்தியமா ஓடறேன்டி!"

"நாளைக்கு நானும் வர்றேன். ஓடிக் காட்டுங்க."

வந்தாள். பூங்காவை முக்கால் சுற்றுச் சுற்றிய பிறகு, பக்கத்தில் கைவீசி நடந்துகொண்டே கேட்டாள்: "எப்பங்க ஓட ஆரம்பிப்பீங்க?"

"ஓடிட்டுத்தான் இருக்கேன்."

அவள் குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுந்தால் அது ஓட்டம், ஒன்றாவது தரையில் இருந்தால் நடை. நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். மெக்கானிக்கின் பாதங்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கத்தான் செய்தது.

அவருக்கு ஸ்டோர் மிரட்டல் இருப்பதைக் கேட்டதும் மனைவியின் கேலி நின்றது. "அதுக்கு எதுக்குங்க காத்தோட பேசறீங்க? நான் மாட்டிக்கிட்டவளா இருக்கேன். நீங்க என்கிட்ட பேசுங்க. அப்பத்தான் பழகும்."

நல்ல யோசனைதான். ஆனால் கல்யாணமான நாள் முதல் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அவளிடம் நிறைய இருந்தது.

"எவ்வளவு நேரம் உள்ளயே கெடக்கறது? மூச்சு முட்டுது! கதவைத் தொறங்க!" என்று மனைவி குரல் கொடுத்தாள்.

"பொறுமையா இரும்மா. கதவு என் கையிலதான் இருக்கு."

"இப்படித்தான் எப்பவும் சொல்றீங்க! என்னை வெளிய விடுங்க! எனக்குன்னு யாருமே இல்லையா!"

"கத்தாத. கத்தினா உள்ள இருக்கற காத்து தீந்துடும்னு பயம் வரும். இன்னும் கொஞ்ச நேரம் சத்தம் போடாம உள்ளயே இரு."

திரும்பிப் பார்த்தால் கூட்டம். மஞ்சள் சட்டைப் பெண் மனைவியின் தோளை அணைத்துக்கொண்டு, "அக்கா, நாங்க இருக்கோம், தைரியமா சொல்லுங்க" என்றாள். வாட்ச்மேன் மெக்கானிக்கின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்.

"அன்னிக்கே சந்தேகப்பட்டேன். பொண்டாட்டியை வீட்டுல பூட்டி வெச்சிருக்கியா?"

"பூட்டலீங்க. லிஃப்டுல..."

"லிஃப்டுலயா பூட்டி வெச்சிருக்க!"

மனைவி சிரித்துச் சிரித்துப் பேச முடியாமல் நின்றதால், கூட்டத்துக்கு எல்லாவற்றையும் மெக்கானிக்கே விளக்க வேண்டியதாயிற்று. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் பெட்டியை வரைந்தார், கயிற்றை வரைந்தார், எதிர் எடையைத் தொங்கவிட்டார். பிரேக் பாதி வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. கடைசி வரை நின்றவர் வாட்ச்மேன் மட்டும்தான்.

"சரிப்பா, கயிறே அறுந்துட்டா?"

"ஒரு கயிறு இல்லீங்க, பல கயிறு. எல்லாமே அறுந்தாலும், வேகம் கூடினதைக் கண்டுபிடிக்க ஒரு சக்கரம் இருக்கு. அது இழுத்ததும் பெட்டியில இருக்கற தாடை ரெண்டும் பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கவ்விடும்."

"அடேங்கப்பா" என்று வாட்ச்மேன் காலரை விட்டுவிட்டுத் தடவியும் கொடுத்தார்.

அதன் பிறகு பூங்காவில் தொல்லை இல்லை. மஞ்சள் சட்டைப் பெண் மட்டும் அவரைக் கடந்து ஓடும்போதெல்லாம், "பயப்படாதீங்க சார், வந்துட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

கம்பங்களுக்கு நடுவே நடப்பது குறைந்தது. பிறகு ஒரு காலை, மெக்கானிக் பிரேக்கில் ஆரம்பித்து, எதிர் எடைக்கு வந்து, தாடையையும் தண்டவாளத்தையும் விளக்கி முடித்துவிட்டுத் திரும்பினால் மனைவியைப் பக்கத்தில் காணோம். ரொம்பப் பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கொஞ்சம்... நில்லுங்களேன்..."

மெக்கானிக் சுற்றிப் பார்த்தார். எந்தக் கம்பத்தில் ஓட ஆரம்பித்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. தான் ஓடிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் மறந்தே போயிருந்தார். காய்ந்த செடியில் ஒரு தளிரைப் பார்த்தவர் போல் தன் முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சில நாள் கழித்து டீச்சரம்மாவின் லிஃப்ட் மறுபடி நின்றது. மேனேஜர் சொன்னபடியே கூட வந்தார். "நட, நான் பின்னாலயே வர்றேன். பேச ஆரம்பி."

மெக்கானிக் கருவிப் பையைத் தோளில் மாட்டி, போனை எடுத்து, கீழ்ப்படியில் கால் வைத்தார்.

"வணக்கம்மா. லிஃப்ட் மெக்கானிக் பேசறேன். பயப்படாதீங்க, படியேறி வந்துட்டே இருக்கேன்."

குரல் தெளிந்த தண்ணீர் போல் இருந்தது. மேனேஜர் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

"தம்பி, எங்க உக்காந்து பேசறீங்க?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"உக்காரலம்மா. படியில ஏறிட்டு இருக்கேன்."

"படியில ஏறறவங்க இப்படியா பேசுவாங்க?"

மெக்கானிக் அடுத்த மாடிக்குத் திரும்பினார். "அம்மா, லிஃப்ட் விழாது. அதோட பிரேக் எப்படின்னா..."

"விழாதுன்னு தெரியும், போன தடவையே விழல. நீங்க கிளம்பிட்டீங்களா இல்லையா?"

"பாதி தூரம் வந்துட்டேம்மா."

"காலமெல்லாம் பள்ளிக்கூடத்துல பசங்களைப் பாத்தவ நான். 'வந்துட்டே இருக்கேன் டீச்சர்'னு பதறாம சொன்னவன் ஒருத்தன்கூட வந்ததில்ல!" டீச்சரம்மாவின் குரல் நடுங்கத் தொடங்கியிருந்தது. "என்னை இதுக்குள்ளயே விட்டுட்டு அங்க உக்காந்து கதை பேசறீங்க!"

மெக்கானிக்குக்கு அன்று முதன்முறையாக வேர்த்தது. மூச்சு வாங்கினால் நம்புவாரோ? வாங்கிப் பார்த்தார். வரவில்லை. இத்தனை நாள் பாடுபட்டு வளர்த்த இதயம் சாவகாசமாக வேலை செய்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே வாயைத் திறந்து, "ஹா... ஹா..." என்றார்.

"சிரிக்க வேற செய்யறீங்களா?"

மேல்மாடிக்கு வந்தேவிட்டார். கதவைத் தட்டினார். "அம்மா, இதோ வெளியதான் நிக்கறேன். கேக்குதா?"

"அதுக்குள்ளயா? அப்ப நீங்க பக்கத்து வீட்டுக்காரர். தம்பி, மெக்கானிக் வரவே மாட்டேங்கறான். நீங்களாவது யாரையாவது கூப்பிடுங்களேன்!"

'நல்ல மனுஷன்' என்ற சொல்லுக்கும் தனக்கும் இருந்த தூரம் மெக்கானிக்குக்குத் தெளிவாகத் தெரிந்தது. நட்டும் போல்ட்டும் தூங்கும் அலமாரிகள் கண் முன்னே வந்தன.

அப்போது படிக்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பழைய பம்பு ஒன்று வறண்ட கிணற்றில் ஓடுவது போன்ற சத்தம். கைப்பிடியைப் பற்றியபடி மேனேஜர் ஏறி வந்தார். முகம் சிவந்து, டை தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

"மெக்... நீ... ஹ்... உன்ன... ஹ்..."

அடுத்தவர்கள் வாக்கியத்தை முடித்தே பழகியவரால் தன் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. லிஃப்ட் கதவில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

கதவுக்கு உள்ளிருந்து டீச்சரம்மாவின் குரல், விளக்குப் போட்டது போல் மலர்ந்து வந்தது:

"அப்பாடா, வந்துட்டாரு! பக்கத்து வீட்டுத் தம்பி, நீங்க தள்ளிக்கங்க, எனக்காக இப்படி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மாடியேறி வர்ற நல்ல மனுஷன் இவர்தான். எப்பவும் இவரையே அனுப்புங்கன்னு சொல்லத்தான் அன்னிக்கு அவங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன், எவனோ ஒருத்தன் என்னைப் பேசவே விடாம அவனே முடிச்சு வெச்சுட்டான்!"